மாட்டுக் கொட்டாயில் வான்கோழி: ராத்திரி எங்கே அடைய வைப்பது?

அணைக்கட்டுத் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கொல்லையிலேயே எங்கள் வீடு, கொட்டாய் எல்லாம். கொட்டாய் 40 அடி நீளம், 18 அடி அகலம். மேலே சிமெண்ட் ஷீட், ஒரு பக்கம் மட்டும் சுவர். அதில் நான்கு கறவை மாடு, ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. நாட்டுக்கோழிகள் கிடைத்த இடத்தில் அடையும். கிறிஸ்துமஸுக்கு விற்கலாம் என்று இந்த வருஷம் வான்கோழி வாங்கி விட்டேன். இப்போது ஐந்து மாதம் ஆகிறது, மொத்தம் 14.

பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. கொல்லையில் மேய்ந்துவிட்டு அவையே திரும்பி வந்துவிடும். பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். மாட்டுக்குத் தீவனம் போடுகிற காடிக்கு நேர் மேலே இருக்கிற இரும்பு விட்டத்தில் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. விடிந்து பார்த்தால் காடி முழுக்க எச்சம், மாட்டு முதுகிலும் எச்சம். தீவனம் போட்டால் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தனி ஷெட் போட இப்போதைக்கு வசதி இல்லை. ஒரே கொட்டாயில் வைத்துச் சமாளிக்க முடியுமா? உட்காரும் கட்டையை என்ன உயரத்தில் கட்டுவது? வான்கோழியால் ஆடு மாட்டுக்கு ஏதாவது வருமா, இல்லை அவற்றால் வான்கோழிக்கு வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் பண்ணை

தம்பி, தாராளமாக முடியும். ஆனால் கட்டையைக் கட்டிவிட்டால் மட்டும் அது விட்டத்தை விட்டு இறங்கி வராது. வான்கோழி காட்டில் மரக்கிளையில் அடைகிற பறவை. கண்ணுக்குத் தெரிகிறதில் எது ரொம்ப உயரமோ அங்கேதான் போகும். நீங்கள் இரண்டடியில் அருமையாகக் கட்டை கட்டி வைத்தாலும், பத்தடியில் விட்டம் திறந்து கிடந்தால் அதற்குத்தான் பறக்கும். அதனால் முதலில் விட்டத்தை அடைக்க வேண்டும். விட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கோழி வலையைச் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். சமமாகக் கட்டினால் வலை மேலேயே உட்கார்ந்துகொள்ளும், சரிவு இருந்தால் கால் நிற்காது.

அடுத்தது, கொட்டாயின் ஒரு கோடியை வலை போட்டுத் தடுத்து அவற்றுக்கே கொடுத்துவிடுங்கள். வளர்ந்த வான்கோழிக்குத் தலைக்கு 4 முதல் 5 சதுர அடி தரை வேண்டும். உங்கள் 14க்கு 10 அடிக்கு 8 அடி இடம் சரியாக இருக்கும். மாட்டுச் சிறுநீர் ஓடுகிற பக்கத்தைத் தவிருங்கள். தரை மேடாக இருக்கிற கோடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டை விஷயத்துக்கு வருகிறேன். இரும்புக் குழாய் வேண்டாம். வழுக்கும், பனியில் சில்லிடும், வெயிலில் சுடும். சவுக்குக் கட்டை எடுங்கள், மணிக்கட்டுக் கனத்துக்குக் குறையாமல். மேல்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். 4 அங்குல அகலத்தில் மரச்சட்டம் கிடைத்தால் அகலமான பக்கம் மேலே வருகிற மாதிரி வைக்கலாம். இந்தப் பறவை கட்டையை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குவதைவிட, பாதத்தை விரித்து வைத்து மார்பை அதன் மேல் இறக்கிப் படுத்தே தூங்கும். மெல்லிய கட்டையானால் மொத்தக் கனமும் மார்பெலும்பில் ஒரே கோட்டில் அழுத்தும். மார்பில் கொப்புளம் வரும், கட்டிவிடும். விற்கிற நேரத்தில் வாங்குகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

உயரம் 2 அடி, அதிகபட்சம் இரண்டரை. சேவல் 7, 8 கிலோ வந்துவிட்டால் மேலேயிருந்து தொப்பென்று குதிக்கும்போது உள்ளங்காலில் அடி பட்டு, சீழ் வைத்து, நொண்டும். ஒன்றுக்கு 15 அங்குலம் என்று கணக்குப் போட்டால் 14க்குப் பதினேழரை அடி கட்டை வேண்டும். 9 அடியில் இரண்டு கட்டை, இடையில் 2 அடி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஏணிப்படி மாதிரி ஏற்ற இறக்கமாகக் கட்டினால் மேல் கட்டைக்காகத் தினமும் சாயங்காலம் சண்டை நடக்கும், கீழே உட்கார்ந்ததன் மேல் மேலே இருப்பதன் எச்சம் விழும்.

ஆரணித் தொழுவம்

இவ்வளவு தடுப்பும் கணக்கும் தேவையா என்று எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மாடு, ஆடு, கோழி, வாத்து எல்லாம் ஒரே கொட்டாய்தான். பத்து வருஷமாக வான்கோழியும் அங்கேயேதான். சாணிக் குவியலைக் கிளறிப் புழு பூச்சி எல்லாவற்றையும் பொறுக்கித் தின்றுவிடும், ஈத்தொல்லை பாதியாகக் குறைகிறது. புது ஆள் யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும், நாய்க்கு மேல் காவல். மாடுகள் பக்கத்தில் இருந்தால் ராத்திரி பயப்படாமல் தூங்குகின்றன. காடி அசிங்கமாகிறது என்றால் காலையில் கழுவிவிட்டுத் தீவனம் போட்டால் போயிற்று. பிரித்துப் பிரித்து வைப்பதெல்லாம் ஆயிரக்கணக்கில் வளர்க்கிறவர்களுக்கு. வீட்டுக்குப் பத்து வளர்க்கிறவருக்கு எதற்கு?

ராணிப்பேட்டை ஓய்வு ஆய்வாளர்

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆரணி அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரி. வான்கோழியும் மாடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆடும் அப்படித்தான். உண்மையான ஆபத்து அந்தக் கொட்டாயில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற நாட்டுக்கோழி.

கருந்தலை நோய் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி, ஹிஸ்டோமோனாஸ் என்று பெயர். அது தனியாக வெளியே விழுந்தால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் கோழியின் பெருங்குடல் பையில் வாழ்கிற ஒரு சின்ன வெள்ளைப் புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டால், அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், கிருமியும் கூடவே உயிரோடு இருக்கும். மண்புழு அந்த முட்டையைத் தின்றால் அதன் உடம்பிலும் தங்கும். மழை பெய்ததும் மண்புழு மேலே வரும், வான்கோழி அதைத்தான் ஓடி ஓடிப் பொறுக்கும்.

கோழிக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நன்றாகத் தின்னும், முட்டையிடும், எச்சத்தில் மட்டும் புழு முட்டையைப் போட்டுக்கொண்டே இருக்கும். வான்கோழிக்குப் போனால் கல்லீரலே போய்விடும். உள்ளே போய் ஒன்று இரண்டு வாரத்தில் பறவை இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, ஒதுங்கி நிற்கும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும். தலை கறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, பெயரை நம்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எச்சத்தைப் பாருங்கள். இறந்ததை அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புண்கள் தெரியும். ஒரு வான்கோழிக்கு வந்துவிட்டால் அப்புறம் பறவையிலிருந்து பறவைக்கு நேராகவே பரவும், புழு கூடத் தேவையில்லை. மொத்தக் கூட்டமும் போனதைப் பார்த்திருக்கிறேன். வந்தபின் நம்பிக் கொடுக்க மருந்து கிடையாது.

அதனால் அணைக்கட்டுத் தம்பி, மாட்டை விட்டு வான்கோழியைப் பிரிப்பதைவிட, கோழியை விட்டுப் பிரிப்பதுதான் முதல் வேலை. கோழிகள் அந்தக் கொட்டாய்க்குள் நுழையக்கூடாது. கோழி அடைந்த பழைய கூண்டை வான்கோழிக்குக் கொடுக்கவும் கூடாது.

மாட்டுக்கு என்ன வரும் என்று கேட்டிருந்தீர்கள். எச்சம் மடியில் பட்டால் பாலுக்கு ஆகாது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் உண்டு. செத்த பறவை கூளத்தில் கலந்து, அந்தக் கூளத்தை மாடு நக்கினால் பொட்டுலிசம் என்ற விஷம் ஏறி மாடு படுத்துவிடும். 2024இல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் கிருமியைக் கறவை மாடுகளிலேயே கண்டுபிடித்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. காடிக்கு மேல் பறவை அடையக்கூடாது என்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

அணைக்கட்டுத் தோட்டம்

ஐயா, ரொம்ப நன்றி. கோழிகள் இத்தனை வருஷமாக அந்தக் கொட்டாயிலேயே அடைகின்றன. கோழியைத் துரத்தினாலும் மண்ணில் முட்டை இருக்குமே, அதற்கு என்ன செய்வது?

ராணிப்பேட்டை ஓய்வு ஆய்வாளர்

மண்ணை முழுசாகச் சுத்தம் பண்ண முடியாது. வான்கோழி நிற்கிற 80 சதுர அடியில் மேல் மண்ணை நான்கு விரல் ஆழத்துக்கு வாரி வெளியே கொட்டிவிட்டு, சுண்ணாம்பு தூவி, கிராவல் போட்டு இடித்து, மேலே உமி பரப்புங்கள். சிமெண்ட் தரையானால் இன்னும் நல்லது. உமி 2 அங்குலத்தில் ஆரம்பித்து 3, 4 அங்குலம் வரை ஏற்றலாம். ஈரம் பட்ட இடத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். மேய்ச்சலுக்கு, கோழி அதிகம் போகாத கொல்லைப் பக்கமாக ஓட்டுங்கள். அப்புறம் கோழிக்கும் சேர்த்துக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். வான்கோழிக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, புழு வளர்கிற இடம் கோழி. மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும்.

திமிரி ஆட்டுப்பட்டி

எச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே கொட்டாயில் வைத்தால் தீவனம் கலந்துபோவதுதான் எனக்குப் பெரிய கவலை. இதை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

நம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற ஊர். எல்லார் வீட்டுக் காடியிலும் கடலைப் புண்ணாக்கு ஊறும். வான்கோழி சும்மா இருக்காது, மாடு தலையைத் தூக்கும்போதெல்லாம் பொறுக்கும். மழைக்காலத்தில் மூட்டை ஓரத்தில் பூசணம் பூத்த புண்ணாக்கை "மாட்டுக்குத்தானே" என்று போட்டுவிடுகிறார்கள். வான்கோழிக்கு அதைவிட விஷம் வேறு இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் முதலில் அதற்கு ‘எக்ஸ்’ நோய் என்று பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்த பூசணம். அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உலகத்துக்குத் தெரிய வந்ததே வான்கோழியால்தான். கோழி ஓரளவு தாங்கிக்கொள்ளும், வான்கோழி தாங்காது, அதிலும் குஞ்சுகள் சுத்தமாகத் தாங்காது. மாட்டுக்கும் அது நல்லதில்லை, பாலில் வருகிறது.

இன்னொன்று, பிராய்லர் தீவனம். கோழிக்கடைக்காரர்கள் மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கழிச்சலுக்காக அதில் சாலினோமைசின் என்ற மருந்தைக் கலந்திருப்பார்கள். கோழிக்குச் சரியான அந்த அளவே வளர்ந்த வான்கோழியைக் கொன்றுவிடும். கால் விழுந்து, மார்பு தரையில் பட, கழுத்தை நீட்டிப் படுத்துவிடும்.

ஆடு பக்கமும் பாருங்கள். வான்கோழித் தட்டில் ஆடு வாயை வைத்தால் தானியம் அதிகமாகி வயிறு உப்பும், கழியும். செம்மறி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழித் தீவனத்தில் இருக்கிற தாமிரச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று விழுத்தாட்டும். நான் தட்டை வலைக்கு உள்ளேதான் வைக்கிறேன். உள்ளே போக வான்கோழி நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு சந்து, ஆட்டுத் தலை நுழையாமல் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. தண்ணீரும் தனி.

ஆரணித் தொழுவம்

புண்ணாக்கு விஷயம் எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் பூசணம் பிடித்ததை எருக்குழியில்தான் கொட்டுவோம், அதனால் தப்பித்திருக்கிறோம் போல. ஆனால் கோழி விஷயத்தில் ஆய்வாளர் ஐயா சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. பத்து வருஷம் கோழியும் வான்கோழியும் சேர்ந்தே இருக்கின்றனவே, ஏன் சாகவில்லை?

ராணிப்பேட்டை ஓய்வு ஆய்வாளர்

நியாயமான கேள்வி. ஒன்று, உங்கள் கோழிகளிடம் அந்தக் கிருமி இல்லாமல் இருக்கலாம். வெளியிலிருந்து கோழி வாங்கிச் சேர்க்காத வீடுகளில் அப்படி அமைவதுண்டு. இரண்டு, பெரிய பறவைகள் குஞ்சுகளைவிடத் தாங்கும். மூன்று, ஆரணியில் உங்கள் பக்கம் மணற்பாங்கான நிலம் என்றால் ஈரம் நிற்காது, புழு முட்டையும் மண்புழுவும் குறைவு. களிமண் நிலத்தில், ஏரி ஓரத்தில் நிலைமை வேறு. நாளைக்கே சந்தையில் ஒரு சேவல் பிடித்து வந்து விட்டால் உங்கள் கொட்டாயின் கதையும் மாறிவிடலாம். பத்து வருஷம் நடந்ததை நான் மறுக்கவில்லை அண்ணா. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அதை வழியாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரணித் தொழுவம்

சரி ஐயா. சந்தைக் கோழி நாங்கள் வாங்கினதே இல்லை, வீட்டு அடையில் பொரித்ததுதான். நீங்கள் சொல்வது புரிகிறது.

ஆலங்காயம் மலையடிவாரம்

நாங்கள் ஜவ்வாது மலை அடிவாரம், எங்கள் கவலை வேறு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் சுவர் என்றால் மீதி மூன்று பக்கமும் மரநாயும் காட்டுப்பூனையும் வரும், கீரி பகலிலேயே வரும். வான்கோழி இருட்டில் ஒன்றும் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும், கோழி அளவுக்குக்கூடத் தப்பிக்கத் தெரியாது. 2 அடிக் கட்டைக்கு இறக்குகிறீர்கள் என்றால் வலையைத் தரைக்குக் கீழே ஒரு அடி புதைத்துவிடுங்கள். கீழ் மூன்றடிக்குக் கண் சின்னதான கெட்டிக் கம்பி வலை போடுங்கள். வெறும் கோழி வலையை நாய் கடித்தே கிழித்துவிடும்.

உள்ளே ஒரு சின்ன பல்பு எரியட்டும். இருட்டறைக்குள் வான்கோழி தானாக நுழையாது. வெளிச்சம் இருந்து, தட்டில் கொஞ்சம் தீவனமும் இருந்தால் பொழுது சாய்வதற்கு முன்பே வந்து நிற்கும். நான்கு சாயங்காலம் பழக்கிவிட்டால் போதும்.

காட்பாடி புதியவர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒரு மாதக் குஞ்சு வாங்கலாம் என்று இருக்கிறேன். குஞ்சுகளையும் இதே மாதிரி மாட்டுக் கொட்டாயில் வைக்கலாமா?

திமிரி ஆட்டுப்பட்டி

வேண்டாம் தம்பி. குஞ்சு ஷெட் பெரிய பறவை ஷெட்டிலிருந்து 50 முதல் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பண்ணை முறை. வீட்டில் அவ்வளவு தள்ள முடியாவிட்டாலும் வீட்டுத் திண்ணை அறையிலாவது வையுங்கள். மாட்டுச் சிறுநீர் ஆவி அதுகளுக்கு ஆகாது. மாட்டுக் காலடியில் மாட்டினால் அவ்வளவுதான்.

ஒரு மாதக் குஞ்சு வாங்குவது நல்ல யோசனை, முதல் இரண்டு வாரம்தான் பெரும்பாடு. வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தின்னவே தெரியாது, தீவனத்தின் மேல் நின்றுகொண்டே பட்டினி கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை என்று 15 நாள் ஊட்டிவிட வேண்டும். ஒரு மாதம் தாண்டியதை யாரோ இந்தப் பாடெல்லாம் பட்டு வளர்த்துக் கொடுக்கிறார்கள், விலை கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நாலைந்து வாரத்திலேயே எதன் மேலாவது ஏறி உட்காரப் பார்க்கும். அப்போதே ஒரு அடிக்கும் கீழே கட்டை வைத்துப் பழக்கினால், பெரிதானபின் விட்டத்தைத் தேடாது.

குடியாத்தம் பண்ணை

அக்கா சொன்னதோடு இன்னொன்று. அணைக்கட்டுத் தம்பி பொட்டைகளில் சிலவற்றை முட்டைக்கு நிறுத்தினால், 30 வாரம் வாக்கில் முட்டை வைக்க ஆரம்பிக்கும். அதற்குள் மறைவாக ஒரு மூலையில் வைக்கோல் போட்டு 2 அடிக்கு 2 அடிப் பெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் காடியில் வைக்கோலுக்குள் போய் வைக்கும், மாடு மிதித்துவிடும். வேலூர் வெயிலுக்கு ஷீட்டின் மேல் தென்னங்கீற்றும் போட்டுவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சிமெண்ட் ஷீட் அடியில் மனுஷனே நிற்க முடியாது.

மாட்டுக் கொட்டாய்த் தரையில் கிடக்கிற ஆணி, கம்பித் துண்டு, நைலான் கயிற்று இழை எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பளபளவென்று எது கிடந்தாலும் விழுங்கிவிடும்.

அணைக்கட்டுத் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. தெற்குக் கோடியைத் தடுத்து வலை கட்டிவிட்டோம். விட்டத்துக்குக் கீழே சரிவாக வலை, 2 அடியில் சவுக்குக் கட்டை இரண்டு. கோழிகளை வீட்டுப் பின்பக்கம் பழைய தண்ணீர்த் தொட்டி அறைக்கு மாற்றியாயிற்று. முதல் ராத்திரி வலையைச் சுற்றிச் சுற்றி நடந்து கத்தித் தீர்த்தன. பல்பு போட்டபின் பொட்டைகள் வந்து ஏறின. இரண்டு சேவல் மட்டும் இன்னும் ஆட்டுப் பக்கத்துத் தடுப்புச் சுவர் மேல்தான் உட்காருகின்றன. காடி சுத்தமாக இருக்கிறது, மாடுகள் தீவனத்தைக் காலி பண்ணுகின்றன.

ஒரு சந்தேகம். சுவர் பழைய மண் சுவர். விரிசலில் தட்டையாக, சாம்பல் நிறத்தில் உண்ணி மாதிரி இருக்கிறது. மாட்டு உண்ணியா?

ராணிப்பேட்டை ஓய்வு ஆய்வாளர்

மாட்டு உண்ணி மாட்டு உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விரிசலில் பகலெல்லாம் பதுங்கி ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிப்பது கோழி உண்ணி. கோழிகள் விட்டுப்போனது. தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் கோழியை மாற்றியதால் அது போய்விடாது. ராத்திரி டார்ச் அடித்து வான்கோழியின் இறக்கைக்கு அடியிலும் கட்டையின் முனையிலும் பாருங்கள்.

விரிசலை மண் குழைத்து அடைத்து, மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். கட்டை சுவரைத் தொடவே கூடாது. நான்கு கால் நட்டு அதன் மேல் நிறுத்துங்கள், ஒவ்வொரு காலிலும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பழைய எஞ்சின் ஆயிலில் நனைத்த துணியைச் சுற்றிவிடுங்கள், ஏறி வராது. சுவருக்கு மருந்து அடிப்பதானால் வான்கோழி, ஆடு, மாடு எல்லாவற்றையும் வெளியே ஓட்டிவிட்டு, காடியை மூடி, காய்ந்தபின் உள்ளே விடுங்கள். என்ன மருந்து என்று மருத்துவரைக் கேளுங்கள். மாட்டுக்கு அடிக்கிற அளவைப் பறவைக்கு அடித்துவிடாதீர்கள்.

சேவல் இரண்டுக்கும் தடுப்புச் சுவர் மேல் மட்டத்தில் சாய்வாக ஒரு பலகை ஆணி அடித்துவிட்டால் போதும், இறங்கி வந்துவிடும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ராணிப்பேட்டைக் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிற மருந்துதான், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், கோழிகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம். போகும்போது வான்கோழி எச்சம் கொஞ்சம், கோழி எச்சம் கொஞ்சம் தனித்தனிப் பொட்டலமாக, அன்று காலையில் போட்டதாக எடுத்துப் போங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்.

அணைக்கட்டுத் தோட்டம்

தடுப்பூசி குஞ்சில் போட்டதோடு சரி ஐயா. சனிக்கிழமை போகிறேன், எச்சத்தையும் எடுத்துப்போகிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.